அப்பா வேஷம்

காசிமேடு,
10-3-1973

சூசையப்பர் துணை

அன்புள்ள டோரதி அப்பாவுக்கு பிலோமி எழுதுவது.

நானும் குழந்தையும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க, தினமும் செபமாலையில் ஒரு பத்துமணி உங்களுக்கென்று சொல்கிறேன். பாதியில் தூங்கிவிட்டால் மீதியை மாதா பார்த்துக்கொள்வார்கள்.

இங்கே எங்கள் பேபி கிளாஸின் வருட முடிவு விழாதான் என் உயிரை வாங்குகிறது. பள்ளிக்கூடத்துக் கிணறு வற்றிவிட்டதால் இந்த வருடம் ஈஸ்டருக்கு முன்பே பள்ளியை மூடுகிறார்கள். விழா குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, ஏப்ரல் பதினான்கு. நான் வழக்கம்போல ஈஸ்டர் கழிந்துதான் விழா என்று ஜனவரியிலிருந்தே மீன் கும்மி பழக்கிக்கொண்டிருந்தேன். ஐம்பது பிள்ளைகளும் ஒரே பக்கம் திரும்பவே ஒரு மாதம் ஆனது. நேற்று சிஸ்டர் ஃப்ளோரன்ஸ் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தபசுகாலத்தில் கும்மியா டீச்சர்?" என்று கேட்டார்கள். ஈஸ்டர் வரைக்கும் தபசுகாலம், ஆட்டம் பாட்டம் கூடாதென்று, தேதி முன்னால் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஞானஸ்நானம் வாங்கிய மண்டைக்கு உறைக்கவில்லை. கும்மி போயிற்று.

சிஸ்டரே புதுத் திட்டம் போட்டுவிட்டார்கள். தச்சு வேலை செய்து இயேசுவை வளர்த்த சூசையப்பரை நினைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் அப்பா செய்கிற வேலையின் வேஷத்தில் வந்து, அதைப் பற்றி ஒன்றிரண்டு வரி சொல்ல வேண்டும். ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. சொல்வது சுலபம். ஐம்பது வேஷத்துக்கும் அட்டை வெட்டி ஒட்டுவது நான்.

டோரதியும் என் வகுப்புதானே. அங்கே டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகி, வீட்டிலும் சில நேரம் டீச்சர் என்கிறாள். நீங்கள் போனபோது அவளுக்கு இரண்டு வயது. நம் கல்யாணப் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டால், "கோட்டு போட்ட மாமா" என்கிறாள். உங்கள் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள் என்று போன வருடமே கேட்டேன். உங்களிடமிருந்து ஏதாவது வந்தால் மட்டும் குஷிதான். தபால்காரர் தேசப்பன் மணி அடித்ததும் எனக்கு முன்னால் ஓடுகிறவள் அவள். அவரும் அவளுக்கென்று சட்டைப் பையில் ஒரு பெப்பர்மிட்டு வைத்திருக்கிறார்.

விழாவுக்காவது வாருங்கள். எல்லாப் பிள்ளைகளின் அப்பாவும் வருவார்கள்.

பிலோமி


பாரதீப் துறைமுகம்,
18-3-1973

அன்புள்ள பிலோமிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். மீன் கும்மியை நினைத்துச் சிரித்தேன். மீனுக்குத் தபசுகாலம் கிடையாது என்று சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். கோபித்துக்கொள்ளாதே.

புதுத் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் டோரதியை ஜோராக அனுப்பிவிட வேண்டும். எழுதிக்கொள்: மஞ்சள் தொப்பி, முன்னால் ஒரு விளிம்பு. கையில் பெரிய ஸ்பானர், அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிவிடு. முகத்தில் கொஞ்சம் கரி. "எங்கள் அப்பா கிரேன் ஓட்டுகிறார், கப்பலையே காலி பண்ணுகிறார்" என்று சொல்லச் சொல். கிரேன் உச்சியில் என் அறையிலிருந்து பார்த்தால் கடல் முழுவதும் தெரியும். கீழே இருக்கிற ஆட்கள் எறும்பு மாதிரி. இதையெல்லாம் அவளுக்குக் கதையாகச் சொல்.

படம் எதற்கு? இந்த ஒரிசா வெயிலில் கறுத்துப் போய்விட்டேன். படத்தைப் பார்த்து அவள் பயந்துவிடுவாள். நேரிலேயே வருகிறேன். பதினான்காம் தேதி நிச்சயம். சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது. கட்டாக்கில் ரயிலேறினால் மறுநாள் உன் கையால் மீன் குழம்பு. தபசுகாலத்தில் மீனுக்குத் தடையில்லை அல்லவா?

என் செல்ல மகளுக்கு முத்தம்.

அருள்பிரகாசம்


காசிமேடு,
27-3-1973

அன்புள்ள டோரதி அப்பாவுக்கு,

நிச்சயம் என்று எழுதியிருந்ததை மூன்று தரம் படித்தேன். போன ஈஸ்டருக்கும் அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கும் இதே வார்த்தைதான் எழுதியிருந்தீர்கள். இருந்தாலும் நம்பினேன். நம்பிவிட்டு, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

இங்கே என் பாட்டைக் கேளுங்கள். மூட்டை தூக்குகிறவர் மகன் நிஜக் கொக்கியையே கொண்டுவந்து பக்கத்துப் பிள்ளையின் பாவாடையைக் கிழித்துவிட்டான். வலைக்காரர் பிள்ளைகள் பதினெட்டு பேர், எல்லோருக்கும் வலை வேண்டும். கிழிந்த வலையைத் துண்டு போட்டேன், வகுப்பு முழுக்கக் கருவாட்டு வாசம். மஜீது என்கிற பையனின் அப்பாவுக்கு மில் மூடிவிட்டதால் இப்போது வேலை இல்லை. "எங்க அத்தா வூட்லயே குந்திகினு கீறாரு டீச்சர். நானும் குந்திக்கட்டா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ தச்சராக வா, சூசையப்பரே தச்சர்தான் என்றேன். அவனுக்கு ஒரே பெருமை.

சாயந்தரம் வீடு வந்து சேர்ந்தால் கால் இரண்டும் என்னுடையதில்லை. அதற்கப்புறம் பசை காய்ச்சி, அட்டை வெட்டி, தூங்கப் போகும்போது விரல் மடங்குவதில்லை. அலுப்பு வேலையில் இல்லை. அலுத்துப் போய் வந்து உட்கார்ந்தால், இன்றைக்கு இப்படி ஆயிற்று என்று சொல்ல எதிரில் ஆள் இல்லை. அதுதான்.

டோரதிக்கு மஞ்சள் தொப்பி முடிந்துவிட்டது. விளிம்பு நீங்கள் சொன்னபடியே. போட்டுப் பார்த்துவிட்டு உடனே கழற்றி வைத்தாள். விழா அன்று காலையில் நான் விடியுமுன் பள்ளிக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டு மங்கம்மா அவளுக்கு வேஷம் கட்டிக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் வந்துவிட்டால் நீங்களே கட்டிவிடலாம்.

வாருங்கள். இந்த ஒரு தடவை மட்டும் வந்துவிடுங்கள்.

பிலோமி


பாரதீப் துறைமுகம்,
6-4-1973

அன்புள்ள பிலோமிக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு ஜப்பான் கப்பல் ஒன்றாக வந்து நிற்கிறது. இன்னொரு கிரேன்காரனுக்கு அம்மை. இந்தச் சமயத்தில் போனால் திரும்பி வரும்போது வேலை இருக்காது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். இரட்டை ஷிப்ட் பார்க்கிறேன். எல்லாம் யாருக்காக? உனக்கும் குழந்தைக்கும்தானே.

மே கடைசியில் நிச்சயம் வருகிறேன். மணியார்டர் தனியாக அனுப்பியிருக்கிறேன். உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் பேரில் மிட்டாய் வாங்கிக் கொடு. டோரதி அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கட்டும். நானே வந்து நின்ற மாதிரி.

எப்படி நடந்தது என்று ஒன்று விடாமல் எழுது.

உன்,
அருள்பிரகாசம்


காசிமேடு,
பெரிய வியாழன், 19-4-1973

டோரதி அப்பாவுக்கு,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

விழா நன்றாகத்தான் தொடங்கியது. வலைக்காரர் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மஜீது உளியோடு வந்து, "எங்க அத்தா தச்சரு" என்று சத்தமாகச் சொன்னான். பின்வரிசையில் அவன் அத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்தது நம் பெண். திரைக்குப் பின்னால் ஒரு பையனுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நான், அவள் மேடைக்குப் போன பிறகுதான் பார்த்தேன். மஞ்சள் தொப்பி இல்லை. முழங்கால் வரை தொங்குகிற ஒரு காக்கிச் சட்டை. தோளில் மங்கம்மாவின் வெற்றிலைப் பை, அது நிறைய மடித்த காகிதம்.

"எங்கப்பா பேரு அருள்பிரகாசம்" என்றாள். "பெல்லு அடிச்சிகினு சைக்கிள்ல வரும். அம்மாவுக்குக் காசு குடுக்கும். எனக்குப் பெப்பர்மிட்டு குடுக்கும். அப்பால வேற வூட்டுக்குப் போயிடும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலில் எல்லோரும் பிள்ளைப் பேச்சுக்குத்தான் சிரித்தார்கள். பிறகு, தன் தங்கை மகளைப் பார்க்க வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தேசப்பனை யாரோ கண்டுவிட்டார்கள். அந்தச் சிரிப்பு வேறு. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டோரதி எதுவும் புரியாமல், கீழே இறங்கி எல்லோருக்கும் காகிதம் கொடுத்துக்கொண்டு போனாள்.

மங்கம்மாவைத் திட்டப் போனேன். "அந்தத் தொப்பிய போட மாட்டேன்னு ஒரே அயுகை, டீச்சரம்மா. எங்கப்பா காக்கிச் சட்ட போட்டுகினு பை மாட்டிகினுதான் வரும்னுச்சு. ஹார்பர் வேலைக்கு அப்டித்தான் போலன்னு எம் புள்ள சட்டைய மாட்டிவுட்டேன். நான் இன்னாத்த கண்டேன், உன் வூட்டுக்காரர நான் பாத்ததே இல்லியே" என்றாள். அவளை என்னவென்று திட்டுவது?

குழந்தை பொய் சொல்லவில்லை. மணி அடித்ததும் நான் ஓடுகிறேன். "அப்பாகிட்டேயிருந்து" என்று அவளைத் தூக்கிச் சுற்றுகிறேன். அந்த வாசலில் அப்போது நிற்கிற ஆள் ஒருவர்தான். அவளுக்கு வேறு யாரைத் தெரியும்?

உங்கள் மணியார்டரை தேசப்பன் நம் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கன்னியர் மடத்தில், சிஸ்டர் முன்னால் வைத்துக் கொடுத்தார். தலை நிமிரவில்லை. இரண்டு பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டிய மனிதர், அவரையும் குறை சொல்ல முடியாது. இப்போதெல்லாம் நம் தெருவில் மணி அடிக்காமலே போகிறார். டோரதி வாசலில் உட்கார்ந்து பார்க்கிறாள். "ஏம்மா அப்பா என் மேல கோவமா கீது?" என்று கேட்கிறாள்.

அது அப்பா இல்லை என்று சொன்னேன். அப்படியானால் யார் என்றாள். நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு போய், துறைமுகச் சுவருக்கு வெளியே நின்று கிரேனைக் காட்டினேன். உன் அப்பா வேறு ஊரில் இப்படி ஒன்றின் மேலேதான் இருக்கிறார் என்றேன். வெகு நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"அங்க யாருமே தெரியலியே."

"ரொம்ப மேல இருக்காருடா. அதான் தெரியல."

"அப்ப எறங்கி வரச் சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன். எனக்கும் அதைத் தவிர சொல்ல எதுவும் இல்லை. மூன்று வருடமாக உங்களுக்கு எழுதி எழுதி, உங்களைக் காகிதமாகவே ஆக்கிவிட்டேன். அலுத்துவிட்டது. மிட்டாய் வாங்கச் சொன்ன பணம் அப்படியே இருக்கிறது, உங்கள் ரயில் செலவுக்குத் திருப்பி அனுப்புகிறேன். இனிமேல் உங்களிடமிருந்து தபால் எது வந்தாலும் வாங்க மாட்டேன் என்று தேசப்பனிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கும் அது நிம்மதி.

தொப்பியை அடுப்பில் போடவில்லை. ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதீர்கள்.

பிலோமி