ஜானு ஆய்ந்த கீரை

3.6.96 திங்கள்
காற்றே இல்லை. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாம். பஞ்சாங்கத்துக்கு மட்டும் தெரிகிறது.

கமலா பம்பாய் போக வேண்டும். மூத்தவள் உஷாவுக்கு இரண்டாவது பிரசவம். ஆறு வாரம். இங்கே நானும் சின்னவள் ஜானுவும் மட்டும். ஜானுவுக்கு இருபத்திரண்டு வயது, ஆட்டிசம், பேசுவது அபூர்வம். எனக்கு ஐம்பத்தொன்பது, காப்பிகூடப் போடத் தெரியாது. இருவரில் யார் பெரிய கவலை என்று கமலாவைக் கேட்கவில்லை.

ஜானு சாப்பிடுபவை: தயிர் சாதம், இட்லி, இடியாப்பம், தேங்காய்த் துருவல். எல்லாம் வெள்ளை. டாக்டர் சொல்வது: ரத்தம் கம்மி, கீரை, பருப்பு கட்டாயம். அதனால் கமலா பருப்பையும் பூசணியையும் மசித்துத் தயிர் சாதத்துக்குள் ஒளித்துவிடுவாள். வருஷக்கணக்காக இதுதான். ஜானு ஒவ்வொரு கவளத்தையும் விரலால் நசுக்கி நசுக்கிச் சாப்பிடுவாள். அவள் வழக்கம் அது. பாதியில் எழுந்துவிடுவாள்.

"இவ சாப்டலேன்னா நான் எப்படி ரயில் ஏறுவேன்?" என்றாள் கமலா.

ஒப்பந்தம்: ஞாயிறு வரை கமலா சமையலறைக்குள் வர மாட்டாள். அதற்குள் ஜானு ஒழுங்காகச் சாப்பிட்டால் பயணம். இல்லாவிட்டால் இல்லை.

4.6 செவ்வாய்
ஜானு போகும் அடையாறு வகுப்பின் டீச்சர் வரைந்து கொடுத்த படங்களைச் சுவரில் ஒட்டினேன். அரிசி களை. குக்கர் மூடு. வெயிட் போடு. மூன்று விசில். கேஸை அணை. ஜானு எல்லாம் சரியாகச் செய்தாள். வெயிட் என் வேலை, மறந்துவிட்டேன். அவள் படத்தைக் காட்டினாள், பிறகு என்னைக் காட்டினாள்.

மசித்த பருப்பைச் சாதத்தில் ஒளித்தேன். கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டாள். கமலா ஹாலிலிருந்து பார்த்தாள், விசிறியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

வாங்க: தீப்பெட்டி, பெருங்காயம், பிளேடு.

5.6 புதன்
மோர் மட்டும் குடித்தாள். எனக்கும் பசியில்லை என்றேன். பொய்.

6.6 வியாழன்
மேகம் போட்டு ஏமாற்றியது. ஜானுவோடு மாட வீதி. கீரைக்காரி முன்னால் ஜானு உட்கார்ந்துவிட்டாள். அரைக்கீரைக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தண்டாகப் பார்க்கிறாள். எனக்குச் சங்கடம், கையைப் பிடித்து இழுத்தேன்.

"உட்ரு சாமி, பாக்கட்டும். கீரை இன்னா கடிச்சிடவா போவுது? பாக்காம எவன் துன்வான்?" என்றாள் கீரைக்காரி.

வீட்டில் பேப்பர் விரித்து ஆய்ந்தாள். இலை இலையாக. முன்பக்கம், பின்பக்கம், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து. ஓட்டை இலை இந்தப் பக்கம், நல்லது அந்தப் பக்கம். ஒரு பச்சைப் புழு, அதைத் துளசித் தொட்டியில் கொண்டுபோய் விட்டாள். இரண்டு மணி நேரம். நடுவில் எப்போதோ நான் கடிகாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் ஃபைல் பார்த்தவன், ஒரு காகிதத்தைக்கூட இப்படிப் பார்த்ததில்லை.

உப்பு மட்டும் போட்டு வேக வைத்தாள். மசிக்கப் போனேன், மத்தைப் பிடுங்கிக்கொண்டாள். தட்டில் சாதம் ஒரு ஓரம், கீரை ஒரு ஓரம்.

சாப்பிட்டாள். பச்சை. ஜானு. தட்டு காலி, கால் மணிகூட ஆகவில்லை. எழுந்தால் கலைந்துவிடுமோ என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

7.6 வெள்ளி
பால் வருவதற்கு முன்பே விழிப்பு. கீரைக்காரி சொன்னதே காதில்: பாக்காம எவன் துன்வான்?

ஜானு கவளத்தை நசுக்குவது வழக்கமும் இல்லை, வியாதியும் இல்லை. தேடுகிறாள். இன்று உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று. வெள்ளையில் ஒளிக்க முடியாது என்றுதான் வெள்ளையைப் பிடித்துக்கொண்டாளோ என்னவோ. அதிலும் ஒளித்தோம். இத்தனை வருஷமாகத் தினமும் எங்களிடம் விரலால் கேட்டிருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. அதைவிட, பிரமிப்பாக இருக்கிறது.

கமலாவிடம் சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று. "அவ நன்னா இருக்கணும்னுதானே பண்ணேன்."

ஆமாம் என்றேன். அது உண்மை.

8.6 சனி
தூறல். குடைக் கம்பி உடைந்திருக்கிறது.

துவரம்பருப்பு. நான் பார்த்து முடித்ததில் ஜானு மூன்று கல் எடுத்தாள். தனிக் கிண்ணத்தில் பருப்பு. சாப்பிட்டாள்.

9.6 ஞாயிறு
சாதம், கீரை, பருப்பு. ஜானு சமையல். விசிலுக்கு மட்டும் காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் எண்ணிக்கை தப்பவில்லை.

ஆறு நாள் கழித்துக் கமலா உள்ளே வந்தாள். பரிமாறினாள். எல்லாம் ஆனபிறகு வெறும் சாதத்தில் தயிர் விட்டு, ஜானு கண் முன்னாலேயே பிசைந்தாள். பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினாள்.

"வேற ஒண்ணும் இல்லேடி. பாரு."

ஜானு பாத்திரத்தைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். ஒரு கவளம் எடுத்தாள். நசுக்கவில்லை. நேராக வாயில் போட்டுக்கொண்டாள்.

கமலா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெட்டியை இறக்குங்கோ என்றாள். பரண்மேல் ஒரே ஒட்டடை.