கிறிஸ்துமஸ் வரை தேடக் கூடாது

நவம்பர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. முதல் நாலு வரி நேராக இருக்கிறது, அதற்கப்புறம் எல்லா வரியும் படியிறங்கிப் போகிறது. கண்ணாடி இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்டேன், தூங்கினேன், நலம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மிச்சப் பக்கமெல்லாம் எதிர்வீட்டு மாடியில் காய்கிற போர்வையைப் பற்றி. எனக்கு எதற்கு அப்பா எதிர்வீட்டுப் போர்வை? போனைத் தொலைத்து ஆறு வாரம் ஆகிறது. புதிது வாங்கி அனுப்புகிறேன் என்றால் "எங்கே போயிடப் போகுது" என்கிறீர்கள். எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு உங்கள் கையெழுத்தைப் பார்த்து உங்கள் உடம்பை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

குட்டிக்கு மறுபடியும் சளி. நெஞ்சுக்குள் கர்கர் என்கிறது. "பல் முளைக்கிற வயசும்மா, பயப்படாதீங்க" என்கிறார் டாக்டர். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். அவள் விழித்துக்கொண்டு அழுகிறாள். அழுதால் எனக்கு நிம்மதி. இந்த லட்சணத்தில் என்னால் ரயிலேற முடியாது. நீங்கள்தான் கிறிஸ்துமஸுக்கு இங்கே வர வேண்டும். அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ். அந்த வீட்டில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் வீட்டு வழக்கத்தை உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஒருத்தர் தொலைத்த பொருள் இன்னொருத்தர் கண்ணில் பட்டால் சத்தம் போடாமல் எடுத்து ஒளித்து வைத்து, கிறிஸ்துமஸ் காலையில் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பீர்கள் என்று. "அப்ப வருஷம் பூரா சீப்பில்லாம இருப்பாங்களா?" என்று கேட்டார். இருப்பார்கள், ஒரு வருஷம் இருந்தார்கள் என்றேன். அவர் இன்னும் நம்பவில்லை.

தொலைக்கிற கை எனக்கு உங்களிடமிருந்துதான் வந்திருக்கிறது. குட்டி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் கையில் கட்டிய பெயர்ப்பட்டை, ஏப்ரலில் காணாமல் போனதே, நினைவிருக்கிறதா? அம்மா அப்போது இங்கேதான் இருந்தாள். வீட்டையே புரட்டிப்போட்டு அழுதேன். "பட்டை போனா போகுது விடுடி, குழந்தை இருக்கால்ல" என்றாள். இன்னும் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கை தானாகத் துழாவுகிறது.

டிக்கெட் எடுக்கட்டுமா? சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்
வாலு

✻

நவம்பர் 29

அன்பு வாலுக்கு,

நலம். இதை முதலில் சொல்லிவிட்டேன், சண்டைக்கு வராதே.

நேற்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஓய்வு பெற்றாலும் அந்த ஆறு மாடிக் கட்டடத்து லிஃப்ட் என்னை விடுவதாயில்லை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே பல் டாக்டர் வீட்டு அம்மா மட்டும். "பயப்படாதீங்கம்மா, வந்துட்டேன்" என்றேன். "பயமில்லைங்க, இங்கதான் யாரும் என்னைத் தேட மாட்டாங்க. மெதுவா வாங்க" என்றார்கள். மெதுவாகவே போனேன். மேலே கூண்டின் கூரையில் உட்கார்ந்தால் கம்பிவடம் லேசாக ரீங்காரம் போடும். இருட்டு, எண்ணெய் வாசனை, தூரத்தில் யாரோ பேசுவது கிணற்றுக்குள் கேட்பது போல. அங்கே ஸ்க்ரூ திருகலாம் என்று சட்டைப் பையில் கை விட்டால் திருப்புளி இல்லை. இருபது வருஷமாக வைத்திருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இந்த வருஷம் உன் அம்மாவுக்குச் சுமை அதிகம்.

வர முடியாது, வாலு. வாசல் சாவி என்னிடம் இல்லை. பூட்டாத வீட்டை விட்டுவிட்டு எப்படி வருவேன்?

அதுவும் போக, அன்று காலை நான் இங்கே இருக்க வேண்டும். வழக்கம் தெரிந்த உனக்கு விதியும் தெரியும். கேட்கக் கூடாது, கிறிஸ்துமஸ் வரை தேடக் கூடாது. சர்ச்சுக்குப் போய்த் திரும்பினால் நீல நாற்காலியில் பொட்டலம் இருக்கும். முப்பத்திரண்டு வருஷமாக அவள் அதை எங்கே ஒளித்து வைப்பாள் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை அதை நாற்காலியில் எடுத்து வைக்க ஆளில்லை, ஆகவே சர்ச் முடிந்து வந்து நானே தேடுவேன். அதை அவள் விதிமீறல் என்று சொல்ல மாட்டாள்.

நான் அவளுக்குக் கட்டிய பொட்டலமும் தயார். அவளுடைய தையல் விரலுறை, இடது காதுத் தோடு, குடைக் கைப்பிடி. தோட்டைத் தேடித் தேடி ஜூன் முழுக்க என்னை முறைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

குட்டியின் மூக்கருகே விரலை வைக்காதே. அவளுக்கும் தூங்க வேண்டும்.

உன்
அப்பா

✻

டிசம்பர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

குட்டி இப்போதுதான் தூங்கினாள். அவள் தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து ஆடினால் என்னைச் சொல்லாதீர்கள்.

பூட்டுக்காரரை வரச்சொல்லிப் புதுப் பூட்டு போடுங்கள். ஒரு மணி நேர வேலை. இதைப் போய்க் காரணம் என்று எழுதுகிறீர்களே.

அப்பா, இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். சாவி தொலைந்தது செப்டம்பர் கடைசியில். போன் அக்டோபரில். கண்ணாடி நவம்பரில். திருப்புளி இப்போது. அம்மா போனது ஆகஸ்டு ஒன்பதாம் தேதி. மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சாவி எப்படி அப்பா அம்மாவிடம் இருக்கும்?

மாப்பிள்ளை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்பார். "மாமாவுக்கு மறதி ஆரம்பிக்குதோ? இங்க கூட்டிட்டு வந்து காட்டிடலாம்" என்கிறார். அவர் சொன்னதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. அடுப்பை அணைத்தீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று இங்கே இருந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாருக்குக் கேட்கப் போகிறது.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு எங்கெல்லாம் தேடுவதாக இருக்கிறீர்கள்? சும்மாதான் கேட்கிறேன். கண்ணாடி இல்லாமல் ஏணியில் ஏறாதீர்கள்.

வாலு

✻

டிசம்பர் 10

அன்பு வாலுக்கு,

தேதி எனக்கும் தெரியும். எந்தக் கட்டடத்தில் எந்த வருஷம் எந்த மாதம் வடம் மாற்றினேன் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். இது மறதி இல்லை. மாப்பிள்ளை ஊசியை உள்ளே வைக்கட்டும்.

கண்ணாடி இல்லாமல் பார்த்தால் எதிர்வீட்டு ஜன்னலில் தொங்கும் நட்சத்திர விளக்கு வண்டிச்சக்கரம் அளவுக்குத் தெரிகிறது. தெருவில் வருகிறவர்கள் எல்லோரும் பாதி தூரம் வரை உன் அம்மா. பக்கத்தில் வந்ததும் வேறு யாரோ. நான் அவசரப்படுவதில்லை. ஒவ்வொரு பொருளாக வீட்டிலிருந்து நழுவிப் போகும்போது, பக்கத்து அறையில் யாரோ குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வது போல இருக்கிறது. அந்த அறைக்குள் நான் போவதில்லை.

தேடினால் கிடைத்துவிடும், வாலு. அதனால்தான் தேடவில்லை.

பரண், அவள் பெட்டி, மாவு டப்பாக்கள். இந்த வரிசையில் தேடலாம் என்றிருக்கிறேன். ஏணியை எதிர்வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். போர்வைக்காரர்தான்.

அப்பா

✻

டிசம்பர் 15

அப்பா,

பரணில் ஏறாதீர்கள். பெட்டியைத் திறக்காதீர்கள். பொட்டலம் வீட்டில் இல்லை.

அம்மா ஒளித்து வைக்கிற இடம் எனக்குத் தெரியும். ஏழு வயதில் பார்த்துவிட்டேன். தையல் மெஷினின் இடது இழுப்பறையில், நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில். "அப்பாகிட்ட சொன்னே, உனக்கு இனி பாவாடை தைக்க மாட்டேன்" என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். பல வருஷம் காப்பாற்றினேன். அப்புறம் மறந்தே போனேன்.

ஆகஸ்டில் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், பின்தெருத் தையல்காரம்மா துக்கம் விசாரிக்க வந்தார்கள். அந்த மெஷின் ஜன்னலோரம், அம்மா பாதியில் விட்ட குட்டியின் சட்டையோடு நின்றுகொண்டிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் கேட்கவே இல்லை, நான்தான் "எடுத்துட்டுப் போங்க" என்றேன். நீங்கள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இழுப்பறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

உங்கள் நவம்பர் கடிதத்தைப் படித்த அன்றுதான் பளிச்சென்று நினைவு வந்தது. போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய்ச் சுற்றிவளைத்தேன். நாலு மாதம் ஆகிவிட்டது. பழைய குப்பை என்று கொட்டியிருப்பார்கள். மூடி, பென்சில் என்று நீங்கள் வழக்கமாகத் தொலைப்பவை வேறு யாருக்கு என்ன ஆகும்?

நீங்கள் காத்திருந்த ஒன்றை நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன். திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். குட்டிக்குச் சளி விட்டுவிட்டது, முதல் பல் எட்டிப் பார்க்கிறது. அதைக்கூட சந்தோஷமாக எழுத முடியவில்லை.

வாலு

✻

டிசம்பர் 26

என் அன்பு வாலுக்கு,

பல் வந்ததை எப்படிப் போகிறபோக்கில் எழுதினாய்? அதற்குத்தான் முதல் திட்டு. வேறு திட்டு கிடையாது.

நேற்று சர்ச்சுக்குப் போனேன். வழக்கமான பெஞ்சு. உன் அம்மா உட்காரும் ஓரத்தை விட்டுத்தான் உட்கார்ந்தேன். தாமதமாக வந்த ஒருவர் நனைந்த குடையோடு அங்கே உட்கார்ந்துவிட்டார். பாட்டு முழுக்கச் சுருதி விலகிப் பாடினார். உன் அம்மாவும் அப்படித்தான்.

முடிந்ததும் நேரே பின்தெருவுக்குப் போனேன். தையல்காரம்மா பண்டிகை என்றும் பார்க்காமல் யாருடைய சட்டைக்கோ கை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து உள்ளே போய்ப் பொட்டலத்தோடு வந்தார்கள். "அண்ணே, தைக்கக் குடுத்த சட்டைப் பையில கிடக்கிற பஸ் டிக்கெட்டைக்கூட நான் எடுத்து வைக்கிறவ. இத விடுவனா? முதல் நாளே பாத்துட்டேன். ஆனா மேல அக்கா கையெழுத்துல 'கிறிஸ்துமஸுக்கு முன்னால பிரிக்கக் கூடாது'ன்னு எழுதியிருந்துச்சு. சாயங்காலம் நானே கொண்டுவர்றதா இருந்தேன்" என்றார்கள். ஆகையால், நீ எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. இவ்வளவு பத்திரமான இடம் உன் அம்மாவுக்கே கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து நீல நாற்காலியில் அதை வைத்தேன். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் உள்ளே வந்தேன். இருந்தது. போர்வைக்காரர் பார்த்திருந்தால் மாப்பிள்ளை பக்கம் சேர்ந்திருப்பார்.

முடிச்சை வெட்டவில்லை, அவிழ்த்தேன். பிளாஸ்க் மூடி. பச்சைப் பென்சில். ஒற்றைச் சாக்ஸ், அதன் ஜோடியை மே மாதம் நான் எறிந்துவிட்டேன். அளவு நாடாவின் உடைந்த முனை. ஆகஸ்டு முதல் வாரம் காணாமல் போன நகவெட்டி. அத்தோடு சரி.

கண்ணாடி இல்லை. போன் இல்லை. சாவி இல்லை. திருப்புளி இல்லை. பொட்டலத்தைத் தலைகீழாகத் தட்டியும் பார்த்தேன்.

வெயில் நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து தேட ஆரம்பித்தேன். கண்ணாடி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நானே தேடி எடுத்த முதல் பொருள். போன் மழைக்கோட்டின் கிழிந்த பைக்குள்ளே, துணிக்கும் துணிக்கும் நடுவில், திருப்புளியோடு. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறியதும் கூப்பிடுகிறேன், ஆனால் இதையெல்லாம் பேச்சில் சொல்ல எனக்கு வராது.

பொட்டலத்தின் அடியில் ஒரு சின்ன மடிப்பு, மேலே 'வாலுக்கு' என்றிருந்தது. உள்ளே ஆஸ்பத்திரிப் பட்டை. நீ வீட்டைப் புரட்டி அழுதபோது அவள் முந்தானையில் இருந்திருக்கிறது. உன்னையும் வழக்கத்தில் சேர்த்துவிட்டாள். பையில் வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று பயந்து, நூல் கட்டி என் மணிக்கட்டில் போட்டிருக்கிறேன். என் கட்டைவிரலையே சுற்றி வராது போலிருக்கிறது, இத்தனை சின்னக் கையா அது?

அவளுக்கு நான் கட்டியதைப் பிரிக்கவில்லை. அதையும் எடுத்து வருகிறேன், நீ பிரி. தோடு உன் காதுக்குச் சரியாக இருக்கும். வலது தோடு உன்னிடம்தானே இருக்கிறது.

சாவி மட்டும் இன்னும் அகப்படவில்லை. அடுக்களையும் வாசலும் பார்த்தாயிற்று, மாடிப்படிக்கு அடியில் பாக்கி. தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

உன்
அப்பா

பி.கு.: வரிகள் நேராக இருக்கின்றனவா, பார்.