காற்றில்லாத நாளுக்கு அம்பு இல்லை

4 டிசம்பர் 2005, ஞாயிறு

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் சேவியர் தன் பேக்கரிக்குப் புது அடுப்புக் கட்டியபோதே, பூனாவில் எங்கள் தாபோடிப் பேட்டை முழுக்கப் புகையப் போகிறது என்றேன். (விசாலாக்ஷி, "பன் நன்னாருக்கும்னுதானே சொன்னேள்?" என்கிறாள். மனைவியை யார் சாட்சிக்குக் கூப்பிட்டது?)

இன்று எங்கள் குடியிருப்பு சொசைட்டிக் கூட்டம். காலைதோறும் நாற்றப் புகை, காயும் துணியெல்லாம் கரி. அடுப்பை இடிக்கச் சொல்லி முனிசிபாலிட்டிக்கு எழுதலாம் என்றார் செக்ரடரி ஜோக்ளேகர். நான் எழுந்து, ஆதாரம் வேண்டும், ஒரு மாதம் காற்றை விஞ்ஞானபூர்வமாக அளந்து தருகிறேன் என்றேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்ததோ! கைதட்டினார்கள்.

5 டிசம்பர்

மொட்டை மாடி ஆன்டெனாவில் புடவைக் கிழிசல் கட்டினேன். விடிந்ததும் அது எந்தப் பக்கம், எவ்வளவு பறக்கிறது என்று நான் எழுதுவேன்; அசையாவிட்டால் பூஜ்யம். புகை வந்ததா என்று ஜோக்ளேகர் எழுதுவார். எங்கள் தரைத்தளத்துக்கு நேர் மேலே அவர் ஜன்னல்.

20 டிசம்பர்

சேவியர் வந்தார். கையில் பன்.

"அண்ணே, நீங்க சொன்னா கேப்பாங்க. அடுப்ப இடிச்சா நான் எங்க போவேன்?"

விஞ்ஞானம் சொல்வதைத்தான் சொல்வேன் என்றேன். பன்னை வாங்கிக்கொண்டேன்.

5 ஜனவரி 2006

ஸ்நேஹா — விசாலாக்ஷியின் அண்ணன் பெண், எங்களோடு தங்கிப் புள்ளியியல் எம்.எஸ்ஸி. படிக்கிறாள் — கம்ப்யூட்டரில் என் கணக்கைப் படமாக்குகிறாள். 'ஆர்' என்று ஓர் ஓசி மென்பொருள். எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று எண் கொடுத்தால் அம்பு போடுகிறது. நாளுக்கு ஓர் அம்பு. பலத்த காற்றுக்கு நீளம் அதிகம். புகை வந்த தேதி சிவப்பு. கடைசி வரிசைக்கும் தெரியட்டும், அம்பின் தலையைப் பெரிதாக்கு என்றேன். ஆக்கினாள்.

"மாமா, தலை மட்டும்தான் இருக்கு. உடம்பே காணோம்."

என்னைச் சொன்னாளோ?

6 ஜனவரி

தலையைச் சிறிதாக்கினாள். அம்பெல்லாம் பேக்கரியிலிருந்து எங்களை நோக்கி. சொன்னேனா இல்லையா!

ஆனால் நாலு தேதிக்கு அம்பே இல்லை. நீளம் பூஜ்யமான அம்புக்குத் திசை கிடையாது, அதனால் விட்டுவிட்டேன் என்று மென்பொருள் எச்சரிக்கிறதாம். அப்படி இலைகூட அசையாத காலைகள்! பூனாவிலேயே நான் ஒருவன்தான் பார்த்திருப்பேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த நாலு நாளும் புகை வந்திருக்கு மாமா. காத்தே இல்லன்னா மதிலைத் தாண்டி எப்படி வரும்? நேரா மேலதானே போகும்?"

"ஜோக்ளேகருக்கு நேர் கீழ என்ன இருக்கு?" என்று அவளே கேட்டாள்.

"நாம இருக்கோம்."

பின்கட்டில் எங்கள் வெந்நீர் பாய்லர். விறகு? சாகண் பேக்டரியில் ஸ்டோர் கீப்பர் நான். பெயின்ட் அடித்த பழைய பேக்கிங் மரம் சும்மா கிடைக்கிறதே என்று மூட்டை மூட்டையாக— ஐயோ.

படத்தைக் கிழித்துவிடலாமா? யாருக்குத் தெரியும்? ஸ்நேஹாவுக்குத் தெரியும். அந்தப் பன்னையும் தின்று தொலைத்தாயிற்று.

8 ஜனவரி, ஞாயிறு

கூட்டத்தில் நானே எழுந்தேன். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆரம்பித்து, ஹிந்தியில் அரைமணி நேரம். அது நான்தான் என்று முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. ஜோக்ளேகர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, புகார்க் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார்.

9 ஜனவரி

பாய்லரைக் கழற்றிவிட்டுக் கரண்ட் கீசர் மாட்டியாயிற்று.

22 ஜனவரி, ஞாயிறு

புகை இல்லை. சேவியர் அடுப்பு தினமும் எரிகிறது, ஆனாலும் இல்லை. புகாரைக் கிழித்துப் போட்டார் ஜோக்ளேகர். சேவியர் பிளம் கேக் அனுப்பியிருக்கிறார். ஸ்நேஹாவின் புரொபசர் என் அளவீட்டைப் பாராட்டினாராம். அந்த நாலு பூஜ்யம்தான் அபாரமாம்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். அந்த நாலு நாள் காற்று அடித்ததா என்று எனக்குத் தெரியாது. நான் மாடிக்கே போகவில்லை. பின்கட்டில் விசாலாக்ஷி பாய்லர் மூட்டுவதைக் கேட்டுக்கொண்டு, ரஜாய்ப் போர்வைக்குள் படுத்தபடியே பூஜ்யம் போட்டேன்.

ஸ்நேஹாவிடம் சொல்லியாக வேண்டும். கேக் தீரட்டும்.