சால்வை யாருக்கு

ஞாயிறு இரவு

கட்சிப் பிரச்சார வேலையே வேண்டாம் என்றுதானே பெண்கள் கபடி அணிக்கு மேலாளராக வந்தேன்! இன்று அரையிறுதி. எங்கள் செல்வி ‘கபடி கபடி’ என்று எதிரணிப் பக்கம் பாடிப் போயிருந்த நேரம் பார்த்து அணியின் முதலாளி காரில் வந்து இறங்கினார். அவருடைய பட்டாசுக் கம்பெனி ஆட்கள் மைதான ஓரத்திலேயே சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். புகையில் செல்விக்கு இருமல் வந்து, பாட்டு நின்றுபோய், அவுட். அந்த ஒரு புள்ளியில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் முதலாளியிடம் கத்தினேன்.

“டீம் தலைவரு நான் வந்தா வெடி போடாமலா? இதெல்லாம் பாத்துச் செய்யத்தானய்யா ஒம்மைக் கட்சியிலருந்து கூட்டியாந்தேன்” என்றார். அதோடு விட்டாரா? சால்வை வாங்கிக்கொள்ளத் தலையை வேறு குனிந்தார்.

அவருக்கென்று வாங்கி வைத்திருந்ததைக் கொண்டுபோய்ச் செல்வியின் தோளில் போட்டேன்.

“அண்ணே, மொதலாளி பாக்காரு” என்றாள்.

பார்க்கட்டும்.