உப்புமலைக்குப் போகும் பாலம்

மட்டாஞ்சேரி
7 ஜூலை 2024

மகா அப்பாவுக்கு,

பொன்மணி எழுதுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. தெருவில் முட்டளவு தண்ணீர். இரண்டு நாளாக மகாவை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் சுகம். உங்கள் இருமல் தேவலையா?

போனில் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் சென்னைக்குப் போன பிறகு நாம் பேசிய போன்களில் சண்டையில்லாமல் முடிந்தது எது, சொல்லுங்கள் பார்க்கலாம். கடிதத்தில் ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே விழ முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று மகாவிடம், "ஏதோ உப்புமலையாம், அந்தப் படத்துக்கு செட் போடுறோம்" என்று சொன்னீர்களாம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாக என்னிடம் சொல்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. 'உப்புமலை ராஜ்யம்' புத்தகமா? படமாக எடுக்கிறார்கள் என்று, அதைப் படித்தவர்கள் சேர்ந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வருஷமாகப் பேச்சு. கோயம்புத்தூர் ஸ்வர்ணலதா அக்காதான் குழுவை நடத்துகிறார்கள். அவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. எனக்கு என் வீட்டுக்காரர் மூலமாகத் தெரிகிறது!

ஆமாம், நீங்கள் கிண்டல் பண்ணின அதே புத்தகம்தான். உங்கள் அண்ணன் வீட்டில் எல்லார் முன்னாலும், "முப்பத்தஞ்சு வயசுல பேய்க்கதை படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று சிரித்தீர்கள். அது பேய்க்கதை இல்லை. நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து மட்டும் அப்பா சொல்லிக்கொடுத்தார். எழுத்துக் கூட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, நான் முதன்முதலில் படித்து முடித்த தமிழ்ப் புத்தகம் அது. இன்று இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்றால் அதனால்தான்.

என்ன செட் போடுகிறீர்கள்? வேம்பியாக நடிக்கிற பிள்ளை யார்? விவரமாக எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பொன்மணி


சென்னை
21 ஜூலை 2024

பொன்மணிக்கு,

உன் கடிதம் வந்தது. நம் வீட்டில் இருந்தபோதுகூட நீ என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. இருமல் பரவாயில்லை. மரத்தூள் இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும்.

அண்ணன் வீட்டில் அப்படிச் சிரித்தது தப்புதான். நீ இவ்வளவு நாள் அதை மனதில் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை.

நாங்கள் இப்போது கட்டுவது ஒரு பாலம். பெரிய கல் பாலம். கல் என்றால் கல் இல்லை. ப்ளைவுட்டில் கூடு கட்டி, தெர்மாக்கோல் ஒட்டிச் செதுக்கி, மேலே பிளாஸ்டர் பூசி, பெயிண்டர்கள் வந்து கல்லாக்குவார்கள். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு சிங்கம். அதில் ஒரு சிங்கத்தை முழுக்க என்னிடமே விட்டுவிட்டார்கள். பிடரி மயிர் நன்றாக வந்திருக்கிறது. மேஸ்திரி தட்டிக்கொடுத்தார்.

வேம்பியாக நடிப்பது சின்னப் பிள்ளை இல்லை. காலேஜ் படிக்கிற வயசுப் பெண். போன வாரம் அந்தப் பாலத்தில் டான்ஸ் ஒத்திகை நடந்தது.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன். மகாவுக்கு முத்தம்.

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
4 ஆகஸ்ட் 2024

மகா அப்பாவுக்கு,

சந்தோஷமா! உங்கள் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துவிட்டேன். படித்துவிட்டு பில்லைத் தப்பாகப் போட்டு, யூசுப் இக்காவிடம் ஏச்சு வாங்கினேன். மருந்துக்கடை முதலாளி ஏசுவதில் தப்பில்லை. சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவருக்குப் பிரஷர் மாத்திரையின் பில்லைக் கொடுத்திருக்கிறேன்.

வேம்பிக்குப் பத்து வயசு. பத்து வயசுப் பிள்ளை தனியாக மலைக்குப் போகிறது என்பதுதானே கதை? காலேஜ் பெண் போனால் அதில் என்ன இருக்கிறது? டான்ஸ் வேறு!

அந்தப் பாலம் கல் பாலம் இல்லை. உங்களுக்குக் கதையே தெரியாது, அதனால் சொல்கிறேன். உப்புமலைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு பள்ளம். ராஜா மரம் வெட்டக் கூடாது, நார் உரிக்கக் கூடாது என்று தடை போட்டுவிடுகிறான். வேம்பியின் அம்மா மலைக்கு அந்தப் பக்கம் சிறையில் இருக்கிறாள். அப்போது ஊர்ப் பெண்கள் எல்லாரும் தங்கள் முடியை அறுத்துக் கொடுத்துக் கயிறு திரிக்கிறார்கள். அதில்தான் பாலம். அது ஆடும். கறுப்பு முடி, நரைமுடி, செம்பட்டை என்று காலடியில் மாறிமாறி வரும். பயத்தில் வேம்பி ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருத்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டே போவாள். எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம்.

கல் பாலத்தில் யாருக்குப் பயம்? ஆட்டோவே போகலாம்.

நீங்கள் தினமும் அங்கே நிற்கிறீர்கள். யாரிடமாவது சொல்லுங்கள். எனக்காக ஒரு தடவை சொல்லிப்பாருங்கள். குழுவில் எல்லாரும் கொதித்துப்போய் இருக்கிறார்கள்.

பொன்மணி


சென்னை
15 செப்டம்பர் 2024

பொன்மணிக்கு,

ஓணச் சாப்பாடு நன்றாக இருந்ததா? இங்கே மலையாளி ஆட்கள் சேர்ந்து பாயசம் வைத்தார்கள். உன் பாயசம் மாதிரி இல்லை.

நீ கேட்டதால் சொல்லிப்பார்த்தேன். ஆர்ட் டிபார்ட்மென்டில் அனில் என்று ஒரு சார். நல்ல மனுஷன். சாயா குடிக்கிற நேரத்தில் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், இந்தப் பாலம் புத்தகத்துல முடிக்கயிறுல பின்னினதாம்."

"யார் சொன்னது?"

"என் வீட்டுக்காரி."

"அவங்கதான் டைரக்டரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய? அப்புறம் அவரே தனியாகக் கூப்பிட்டு, "மாரி, எனக்கும் அந்தக் கயிறு பிடிச்சிருக்கு. ஆனா ஹீரோவுக்கு அதுமேல ஃபைட்டு இருக்கு. ஆடுற பாலத்துல எப்படி நிப்பான்?" என்றார்.

கதையில் ஹீரோ உண்டா என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னதில் அப்படி யாரும் இல்லை.

மகா என்னை வேலை செய்கிற இடத்தில் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இங்கே போட்டோ எடுக்கக் கூடாது. போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். ஆனாலும் பிள்ளை கேட்டதற்காகச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டிக்கரை உரித்து ஒன்று எடுக்கவைத்து, உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அவளிடம் காட்டிவிட்டு உடனே அழித்துவிடு. வேறு யார் கண்ணிலும் பட வேண்டாம்.

இந்தப் படம் முடிந்ததும் அங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கலாம் என்று ஒரு நினைப்பு. நீ என்ன சொல்கிறாய்?

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
6 அக்டோபர் 2024

மகா அப்பாவுக்கு,

கோபப்பட மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன்.

கல் பாலம் என்று நான் சொன்னதைக் குழுவில் நம்பவில்லை. மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு கதை அளக்கிறேன் என்று ஒருத்தன் எழுதினான். ஸ்வர்ணலதா அக்காவும், "ஆதாரம் இல்லாம பேசவேண்டாம் பொன்மணி" என்றார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தப் போட்டோவைப் போட்டுவிட்டேன். பயப்படவேண்டாம், உங்களை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். பாலம் மட்டும்தான் தெரியும்.

ஒரே நாளில் எங்கெல்லாமோ போய்விட்டது! "எங்கள் பாலம் எங்கே" என்று தமிழ்நாடு முழுக்க எழுதுகிறார்கள். யூட்யூபில் இரண்டு பேர் அதைப் பற்றியே பேசுகிறார்கள். வைப்பின் தீவிலிருந்து ஒரு டீச்சர் என்னைத் தேடிக் கடைக்கே வந்துவிட்டார். சின்ன வயசில் முடி நீளமாக வளர்த்தாராம், பாலத்துக்குக் கொடுக்கலாம் என்று. இரண்டு பேரும் கவுண்டரில் நின்று கண் கலங்கினோம். இனி அவர்கள் மாற்றித்தான் ஆகவேண்டும்.

மகா உங்கள் போட்டோவைப் பார்த்துச் சிரித்தாள். மெலிந்திருக்கிறீர்கள்.

பொன்மணி


சென்னை
2 நவம்பர் 2024

பொன்மணி,

வேலை போய்விட்டது. தீபாவளிக்கு முந்தின வாரமே போய்விட்டது. எழுதுவதற்கு இத்தனை நாள் ஆனது.

என்னை வெட்டிவிட்டுப் பாலத்தைப் போட்டிருக்கிறாய். அதையும் சரியாக வெட்டவில்லை. மூலையில் என் உளிப்பெட்டி இருந்தது. மேலே மஞ்சள் பெயிண்டில் "மாரி, ராஜபாளையம்" என்று நானே எழுதியது. மேனேஜர் போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "இது யார் பெட்டி?" என்று எல்லார் நடுவிலும் கேட்டார். என்னோடு ராஜபாளையத்திலிருந்து வந்த இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அனில் சாருக்கும் நல்ல ஏச்சு. இனி எந்த செட்டிலும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்பப் படித்தேன். அங்கே வந்து இருக்கட்டுமா என்று கேட்டிருந்தேன். அதற்கு நீ பதிலே எழுதவில்லை. பக்கம் பக்கமாகப் பாலம்தான் இருக்கிறது. யாரோ ஒரு டீச்சரோடு நின்று அழுதாய். நான் மெலிந்திருக்கிறேன் என்பது ஒரு வரி.

மகாவிடம் போனில் பேசிக்கொள்கிறேன். நமக்குள் எழுதுவதற்கு இனி ஒன்றும் இல்லை.

மாரிச்செல்வம்


மட்டாஞ்சேரி
10 நவம்பர் 2024

மகா அப்பாவுக்கு,

எத்தனை தடவை போன் பண்ணினாலும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். மகாவிடம் இருக்கிற பழைய பட்டன் போனிலிருந்து கூப்பிட்டால் எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள்.

நான் செய்தது தப்பு. நீங்கள் அழிக்கச் சொன்னீர்கள், நான் அழிக்கவில்லை. யாரோ முகம் தெரியாதவன் பொய்க்காரி என்று சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் பிழைப்பு அப்போது கண்ணில் படவில்லை. படக் கம்பெனிக்கு என் பெயரில் எழுதிப்போட்டேன், போட்டோ போட்டது நான், அவருக்குத் தெரியாது என்று. பதில் வரவில்லை. கம்பெனி நம்பருக்குக் கூப்பிட்டால் ஒரு பெண், "படம் சம்பந்தமா எதுவும் சொல்ல முடியாது மேடம்" என்று வைத்துவிடுகிறாள். படம் சம்பந்தமாக இல்லையம்மா, என் புருஷன் சம்பந்தமாக என்று சொல்வதற்குள் வைத்துவிடுகிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். பாலத்தை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பொன்மணி


மட்டாஞ்சேரி
17 ஆகஸ்ட் 2025

மகா அப்பாவுக்கு,

நீங்கள் பெரம்பூர் பக்கம் வீடுகளுக்குக் கிச்சன் அலமாரி செய்துகொடுப்பதாக மகா சொன்னாள். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இதற்கும் வராமல் போகலாம்.

படம் வந்துவிட்டது. மூன்று தடவை தேதி மாற்றி, போன வெள்ளிக்கிழமைதான். நான் போவதாக இல்லை. ஸ்வர்ணலதா அக்கா கோயம்புத்தூரிலிருந்து வந்து நிற்கிறார்கள், ஆலுவாவிலிருந்து நாலு பேர், அந்த வைப்பின் டீச்சர். இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எர்ணாகுளத்தில் மலையாளத்தில் டப் பண்ணினதுதான் ஓடுகிறது. தமிழ் இல்லை. வேம்பிக்கு வேணி என்று பெயர். பாட்டு இரண்டு. கதையில் வேம்பியோடு கூடவே வருகிற வௌவாலைக் கிளியாக்கிவிட்டார்கள். இடைவேளை வரைக்கும் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் பாலம் வந்தது.

கயிற்றுப் பாலம். முடியில் பின்னினது. கறுப்பும் நரையும் செம்பட்டையும் எல்லாம் இருந்தது. கம்ப்யூட்டரில் செய்திருக்கிறார்கள். எங்கள் வரிசை எழுந்து நின்று கை தட்டியது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நம்ம பொன்மணியாலதான் இது! நாம ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தினார்கள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மகா இருட்டில் என் காதருகே வந்து, "அம்மா, அப்பா செஞ்ச சிங்கம் எவிடே?" என்று கேட்டாள்.

எடுத்துட்டாங்க என்றேன். "எந்தினா?" என்றாள், ஏன் என்று. அந்தப் பாலத்தை எத்தனை வருஷம் மனதுக்குள் பார்த்திருக்கிறேன். திரையில் வந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் மகாவைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்துவிட்டேன். குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். அக்கா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் சிங்கம் நன்றாக இருந்தது. நான் அதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். போட்டோவில் முதலில் பார்த்ததே அதைத்தான். அந்தப் பிடரியை, காற்றில் பறக்கிற மாதிரி எப்படிச் செய்தீர்கள்?

ஓண லீவுக்கு மகாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வருகிறேன். நீங்கள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராதவள்தான். குடித்தனம் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. யூசுப் இக்கா ஐந்து நாள் லீவு தந்திருக்கிறார். ஆலப்புழை வண்டியில் 30-ஆம் தேதி ஏறி மறுநாள் காலையில் வந்து சேருவோம். நீங்கள் ஸ்டேஷனுக்கு வராவிட்டால் மகாவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பொன்மணி


சென்னை
24 ஆகஸ்ட் 2025

பொன்மணிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் படம் பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை. சிங்கத்தை வேலை நடக்கும்போதே உடைத்துப் போட்டதாக அனில் சார் சொல்லியிருந்தார். நீ படத்தில் தேடியிருக்க வேண்டாம்.

நான் இருக்கும் அறையில் மூன்று பேர். அங்கே தங்க முடியாது. கீழ்வீட்டு சீனியம்மாள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், அவர்கள் மகள் அறை காலியாக இருக்கிறது. மெத்தை உண்டு. தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும்.

உனக்காக வருகிறேன் என்று எழுதிப்பார்த்தேன், இன்னும் மனது ஒப்பவில்லை. என்னோடு வேலை போன ராஜபாளையத்துப் பையன்கள் இரண்டு பேரில் ஒருத்தனுக்கு இன்னும் நிரந்தரமாக வேலை கிடைக்கவில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் திரும்பி வருகிறது. அதனால் மகாவுக்காக ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று வைத்துக்கொள்.

வண்டி விடியும் முன்னாலேயே வந்துவிடும். அந்த நேரத்தில் பிளாட்பாரத்தில் கூட்டம் அதிகம், போர்ட்டர்கள் பிடித்து இழுப்பார்கள். இறங்கி நிற்கவேண்டாம். பெட்டியை நீ தூக்காதே. இரண்டு பேரும் சீட்டிலேயே இருங்கள். நான் உள்ளே ஏறி வருகிறேன்.

மாரிச்செல்வம்