இன்டர்கூலரும் நிலாப் போர்வையும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் வாசலில் நிற்கிற லாரியும், ஆக மூன்று பேரும் சௌக்கியம். நீ சௌக்கியம் என்று போனில் சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை, உன் குரல் எப்போதும் சௌக்கியமாகத்தான் இருக்கும், வயிறு சாப்பிட்டதா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது. காலையில் வெறும் டீயோடு வேலைக்கு ஓடாதே. நீ அனுப்பிய படத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எங்களுக்கென்று நீ ஒதுக்கி வைத்திருக்கிற அறை, வெள்ளைத் திரை, ஜன்னலுக்கு வெளியே பெயர் தெரியாத ஒரு மரம். பாத்திரம் தேய்க்கும்போதுகூட அந்த ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுகிறேன், தண்ணீர் வழிகிறது என்று அப்பா சத்தம் போட்ட பிறகுதான் திரும்பி வருகிறேன். லாரியை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்று நீ கேட்டாயே, அது என்ன ஆயிற்று என்பதைப் போனில் சொன்னால் நீ நடுவில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

லாரி மேட்டில் மூச்சு வாங்குவது உனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற ஏற்றத்தில் பாரத்தோடு போனால் கியரைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவன்கூட முந்திக்கொண்டு போவான். நீ கேட்டதை அப்பாவிடம் சொன்னபோது அவர் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை, அதுவே எனக்கு அதிசயம். "ஒரு இன்டர்கூலர் மாட்டிப் பாக்கறேன், அப்பவும் இழுக்கலன்னா வித்துட்டு மக வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். அது என்னது என்று கேட்டேன். டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறதாம், அமுக்கும்போது காற்று சூடாகி உப்பிப்போகிறதாம், அதை நடுவில் ஒரு பெட்டிக்குள் ஓடவிட்டு ஆற்றி அனுப்பினால் ஒரே மூச்சில் நிறையக் காற்று உள்ளே போகுமாம், வண்டிக்குத் தெம்பு வருமாம். பாலை ஆற்றிக் கொடுக்கிற மாதிரிதானே என்றேன். "அதேதான், ஆனா பாலுக்குக் குழாயை இறுக்குற கிளாம்ப் வேண்டாம்" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது, மீதி நேரம் உன் அறையில் அலமாரி எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்டர்கூலர் பெட்டி வந்தது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று மேலே போட்டிருந்தது. "எல்லாத்துக்கும் பொருந்தும்னா எதுக்கும் பொருந்தாதுன்னு அர்த்தம்" என்றார் அப்பா, அப்படியேதான் ஆயிற்று. கிரில்லையும் பம்பரையும் கழற்றி வைத்ததும் லாரி பல்செட்டைக் கழற்றிய பெரியவர் மாதிரி முகம் குழிந்து நின்றது, பார்க்கவே பாவமாக இருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் ஒரு ஓட்டைக்கும் இன்னொரு ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்துத் தெரு வெல்டரைக் கூப்பிட்டோம், எதற்கும் அசைந்து கொடுக்காதவர் என்பதால் நாம் கேலியாக 'அவசரம்' எனப் பெயர் வைத்திருக்கிறோமே, அவரேதான். வந்தார், பார்த்தார், டீ குடித்தார், போய்விட்டார். பிறகு மனசு வந்து பெட்டியைத் தாங்கிப் பிடிக்க பிராக்கெட் அடித்துக் கொடுத்தார். அரம் தேய்க்கிற சத்தமும் வெயிலில் காய்ந்த ரப்பர் ஹோஸின் வாசனையும் சமையலறை வரைக்கும் வந்துகொண்டே இருந்தன. பொருத்தி முடிக்கிற வரைக்கும் குழாய் வாய்களில் தூசி போகக்கூடாது, அடைத்து வைக்கத் துணி கொடு என்றார் அப்பா. நீ சின்ன வயசில் போர்த்திக்கொண்ட நீலப் போர்வை, நிறைய நட்சத்திரமும் நடுவில் ஒரே ஒரு நிலாவும் போட்டது, நைந்து கிடந்தது, அதைக் கிழித்துக் கொடுத்தேன். இதற்கும் சேர்த்துக் கடைசியில் கோபப்படலாம். டர்போ வாயில் ஒன்று, இன்ஜின் வாயில் ஒன்று, பெட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று அடைத்து வைத்தார். அந்த மத்தியான வெயிலில் லாரிக்குள்ளிருந்து நட்சத்திரங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன, நான் வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் மாட்டி, கிளாம்பை முறுக்கி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை, கசிவில்லை என்று அர்த்தம். பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனவர் சீக்கிரமே திரும்பி வந்தார், பின்னாலேயே கறுப்புப் புகை. முன்பு முக்கி முனகியாவது ஏறிய வண்டி இப்போது தொடக்கத்திலேயே நின்றுவிட்டதாம். மறுபடியும் மூட்டு மூட்டாகப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது, வண்டி மட்டும் சரியில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "பேச்சுன்னா பேச்சுதான், வித்துடலாம்" என்றார். செங்கல் சூளைக்காரருக்கு அவரே போன் போட்டு, காலையில் வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன், எதை எடுத்துக்கொள்வது எதை விடுவது என்று மனசுக்குள்ளேயே மடித்து அடுக்கினேன்.

கிரீஸ் துணியைக்கூடத் துவைத்துக் காயப்போடுகிறவள் என்று நீங்கள் இருவரும் என்னைக் கேலி செய்வீர்கள் அல்லவா. பொழுது சாயும் நேரத்தில் கொடியில் கிடந்த போர்வைத் துண்டுகளை எடுக்கப் போனேன். ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்துப் பார்த்தேன், வேறெதற்கும் இல்லை, உன் நினைப்பில்தான். எல்லாத் துண்டிலும் நட்சத்திரம். நிலா இருந்த துண்டைக் காணோம். டூல் பெட்டியில் இல்லை, லாரிக்கு அடியில் இல்லை. அப்புறம்தான் புரிந்தது, நிலாத் துண்டை அடைத்தது இன்ஜின் வாயில், அதை எடுக்காமலே அப்பா குழாயை மாட்டியிருக்கிறார், துணி உள்ளேயே காற்றை மறித்துக்கொண்டு இருக்கிறது, வெளியே சோப்புத் தண்ணீர் போட்டால் அது எப்படித் தெரியும். கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அந்த வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ வேலையிலிருந்து வருவதைத் தினமும் பார்க்கலாம். எனக்கு அவ்வளவு ஆசை, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். அப்போது அப்பாவைப் பார்த்தேன். படியில் உட்கார்ந்திருந்தார், டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. லாரியைப் பார்க்கவில்லை, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கைக்கு வயசாயிடுச்சு போல, எங்க தப்பு பண்ணேன்னே தெரியல" என்றார். இப்படியே அவரை அழைத்துக்கொண்டு வந்தால், உன்னுடைய அந்த அழகான அறையிலும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "என்னங்க, நிலாவைக் காணோம்" என்றேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். துண்டுகளை நீட்டிக் காட்டினேன். எழுந்து போய் இன்ஜின் பக்கத்துக் கிளாம்பைக் கழற்றி, விரலை விட்டு, வளைவில் சிக்கிக் கிடந்த துணியை இழுத்தார், எண்ணெயில் ஊறி வந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார், பிறகு இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். என் கண்ணில் வந்ததெல்லாம் சிரிப்பினால் வந்தது இல்லை.

விடிந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார், பாரமும் இருந்தது. மேட்டில் வழக்கமாகத் திணறுகிற இடம் வந்ததும் அவர் கை தானாகவே கியருக்குப் போயிற்று, மாற்ற வேண்டிய தேவை இல்லாமல் திரும்பி வந்துவிட்டது. மூடுபனிக்குள் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. நாங்கள் ஏறுகிறோமா, மேடுதான் மெதுவாக இறங்கிப் போகிறதா என்று தெரியவில்லை, தூக்கத்தில் போகிற மாதிரி இருந்தது. உச்சியில் நிறுத்தி என்னை இறக்கி, பெட்டிக்குள் போகிற குழாயில் கை வைக்கச் சொன்னார், சுட்டது. வெளியே வருகிற குழாயில் வைக்கச் சொன்னார், காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி இருந்தது. "சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் மக வீட்டுக்குப் பெட்டி கட்டியிருப்ப, ஏன் சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. நான் குழாயிலிருந்து கையை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். சூளைக்காரரை டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

ஆக, கண்ணு, நாங்கள் அங்கே குடிவரவில்லை. அப்பா பேச்சு மாறிவிட்டார் என்று நினைக்காதே, வண்டி இழுக்கிறது, அவ்வளவுதான். கோபப்படுவதானால் என்மேல் படு, துணியைப் பற்றிச் சொன்னவள் நான். மழைக்காலத்தில் ஓட்டம் குறையும், அப்போது வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று அப்பாவே சொன்னார், நான் கேட்கவில்லை. அதனால் திரையைக் கழற்றிவிடாதே, வேண்டாத சாமானையெல்லாம் போட்டு அந்த அறையை அடைக்காதே. நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, மனசு குளிர்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும். காலையில் சாப்பிடு, மறுபடியும் சொல்கிறேன். நிலாத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன், எவ்வளவு துவைத்தும் எண்ணெய் வாசனை போகவில்லை. அதை அந்த ஜன்னலில் கட்டி வை, நாங்கள் வருகிற வரைக்கும் அறை காலியாக இருக்க வேண்டாம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

கையெழுத்துப் போடுங்கள் என்று அப்பாவிடம் நீட்டினேன், கையெல்லாம் கிரீஸ் என்றார். பரவாயில்லை என்றேன். கீழே இருக்கிற கறுப்பு விரல் அடையாளம் அவருடையது.