நான் கழற்றிய வெள்ளை மூடி

டீச்சர்,

மூன்று நாளாக மழை விடவில்லை. துணி காயவில்லையே என்று அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டேன். தூசி சூடாகிற மணம் வந்ததும் உங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறைக்குள் நிற்பதுபோல் இருந்தது. ஈரம் ஏறாமலிருக்க நீங்களும் அந்தப் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் இப்படித்தான் பல்பு எரியவிடுவீர்கள்.

உடனே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், எழுத! போன வருடம் கோயில் மண்டபத்தில் முதியோர் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போகிறது. போகட்டும், எனக்கு வேறென்ன வேலை? நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. இதை உங்களிடம் நேரில் சொல்லத்தான் கொடுத்துவைக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று அடிக்கத் தொடங்கிய வாரம் எனக்கு மறக்காது. பரீட்சை எழுதவிருந்த இருபத்திரண்டு பிள்ளைகளின் அடையாள அட்டை விபரமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நீங்கள், தோட்டத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் லயம் லயமாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதியவை. எழுதிய கொப்பியைக் கூரை ஒழுக்கு கரைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அச்சடித்துக் கொடுக்காவிட்டால் அட்டை வராது. அட்டை இல்லாவிட்டால் பரீட்சையும் இல்லை.

நுவரெலியாவில் வாங்கிய புது டிஸ்க்கை மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு துண்டுத்தாளை ஒட்டிவிட்டு நீங்கள் வகுப்புக்குப் போனீர்கள். பழையதில் இருப்பதை அதற்கு மாற்றவேண்டும். பழையதற்குப் பக்கத்தில் அதைப் பூட்டுவது என் வேலை. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெஷின் பிட்டராக இருந்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பழுதுகளைப் பார்த்து வந்தவன் நான். அங்கே புது பேரிங் வந்தால் எண்ணெய்த் துளையில் ஓர் அடைப்பு மூடி இருக்கும். கழற்றாமல் பூட்டினால் பேரிங் எரிந்துபோகும். புது டிஸ்க்கின் பின்பக்க ஊசிகளிலும் நெல்மணி அளவில் ஒரு வெள்ளை மூடி இருந்தது. கவனமாகக் கழற்றிக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டு, பெருமையோடு பூட்டினேன்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே தெரியவில்லை. புதியதைக் கழற்றினால் பழையது வந்தது, ஆனால் அச்சடிக்கப் போனால் பாதியில் நின்றது. பட்டை வயரை மாற்றினீர்கள், கரண்ட் வயரை மாற்றினீர்கள். புதன் போய் வியாழனும் வந்தது.

“புதுசு பழுது போலக் கிடக்கு அண்ணை. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்.”

“நானும் வர்றேங்க டீச்சர், நல்லா நாலு கேள்வி கேப்போம்” என்றேன் நான்.

அப்புறம் தூசி தட்டப் பழையதைக் கையில் எடுத்தேன். அதன் ஊசிகளிலும் அதே வெள்ளை மூடி! இத்தனை வருடம் ஓடிய சாமானில் அடைப்பு மூடி இருக்குமா? டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினேன்.

“கடைக்காரர ஏசாதீங்க டீச்சர். மூடிய கழட்டுனது நாந்தாங்க.”

“ஒண்டையும் கழட்ட வேண்டாமெண்டு தாளில எழுதி ஒட்டினனான் எல்லே?”

“கண்ணாடி கொண்டாரலீங்க.”

நெல்மணி மூடியை வெறுங்கண்ணால் கண்டுபிடித்தவன் சொல்கிற பொய்யா அது! நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

“அந்த மூடி கிடக்கிற இடந்தான் அண்ணை, ஆர் பெரியவர், ஆர் அடுத்தவர் எண்டு சொல்லுறது. புதுசில அது இல்லாததால, இப்ப ரெண்டும் நான்தான் பெரியவர் எண்டு நிக்குது.”

“ஒரே மலைக்கு வேல வாங்க ரெண்டு கண்டாக்கையா வந்து நின்னா, அன்னைக்குக் கொழுந்து பறிச்சாப்லதான்!”

நல்லவேளை, நான் கோட்டைத் துவைக்கிற ஆள் இல்லை. மூடி பையிலேயே இருந்தது. நீங்கள் டிஸ்க்கின் மேலிருந்த படத்தைப் பார்த்து இடம் சொல்ல, நான் மூக்குக் குறட்டால் செருகினேன். இரண்டும் வந்தன. திருப்புளியின் நுனியைப் பழைய டிஸ்க்கில் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

“இழுத்துக்கிட்டு இருக்குங்க. மத்தத விடுங்க, பிள்ளைங்க பேர மொதல்ல எடுங்க!”

“எல்லாம் வந்திட்டுது அண்ணை, இருபத்திரண்டும்!” என்று நீங்கள் கத்தியது பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும். மறுநாள் நீங்கள் கடதாசிகளோடு பஸ் ஏறும்போது பழையது சுற்றுவதையே நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு ஒரு தாள்கூட எழுதவில்லை. மற்றவர்களுக்குப் பிள்ளைகளிடம் துண்டு கொடுத்தனுப்புவீர்கள். என்னிடம் மட்டும் மழையில் படியிறங்கி வருவீர்கள். “உங்கட இஞ்சித் தேத்தண்ணி குடிக்க வந்தனான்” என்பீர்கள். குடித்து முடித்துக் கிளம்பும்போதுதான் வேலையைச் சொல்வீர்கள். என் தேத்தண்ணிக்கு அவ்வளவு ருசி என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். முதியோர் வகுப்பில் முதல் நாள், “எழுத்தே தெரியாதவங்க கை தூக்குங்க” என்றார்கள். தூக்கினேன். நீங்கள் என்னை ஒருநாளும் கை தூக்க வைக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் பெருமாள் அண்ணன் இருக்கிறார். அவருக்கும் எழுத்துத் தெரியாது, யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தாள் ஏதும் வந்தால் நான் வாசித்துக் காட்டவா என்று கேட்பதில்லை. நேற்றும் போய், “எனக்கும் இதே தாள்தான் வந்துச்சு அண்ணே, சனிக்கிழம கிளினிக்காம்” என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வாயில் வைக்க முடியாத கசப்பு.

“நல்லாருக்குங்க அண்ணே” என்று இன்னொரு கோப்பையும் வாங்கிக் குடித்தேன்.